இறால் ஓடும் காலரா நஞ்சும்

ஆரணியாறும் காளங்கியும் கொண்டுவரும் நன்னீர், முகத்துவாரம் வழியே ஏறிவரும் கடல்நீரோடு கலக்கிறது பழவேற்காடு ஏரியில். ஆரம்பாக்கம் பக்கத்து மீனவ ஊர்களுக்கு அந்த ஏரிதான் சோறு. முறை வைத்து வலை கட்டும் ‘பாடு’ வழக்கம், அதன் இறாலையும் நண்டையும் தலைமுறைகளாகப் பங்கிட்டுத் தந்திருக்கிறது. இறாலும் நண்டும் வளர வளரத் தங்கள் ஓட்டைக் கழற்றிப் போடுகின்றன. 1613இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்திரியா கோட்டையைக் கட்டுவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே விழுந்துவரும் அந்த ஓடுகளெல்லாம் எங்கே போயின?

பெரும்பகுதியைத் தின்று தீர்த்தவை பாக்டீரியாக்கள். ஓட்டின் முக்கியப் பொருள் கைட்டின். உவர்நீரில் வாழும் விப்ரியோ இனங்களுக்கு அது நல்ல உணவு. ஆனால் கைட்டின் இழை அந்தச் சிற்றுயிருக்குள் நுழைய முடியாத அளவு பெரியது. ஆகவே விப்ரியோ, கைட்டினேஸ் என்ற நொதியைத் தனக்குள் தயாரித்து வெளியே அனுப்புகிறது. நொதி ஓட்டைச் சிதைக்க, கரைந்து வரும் சர்க்கரைத் துணுக்குகளை அது உறிஞ்சிக்கொள்கிறது.

வெளியே அனுப்புவது எளிய வேலை அல்ல. விப்ரியோவைச் சுற்றி இரண்டு சவ்வுகள். வெளியேற வேண்டிய புரதத்தின் தொடக்கத்தில், கடிதத்தின் மேல் எழுதிய முகவரிபோல, ஏறத்தாழ இருபது அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சமிக்ஞைத் துண்டு இருக்கும். அதை அடையாளம் கண்டு உள்சவ்வு வழிவிடுகிறது. கடந்ததும் சிக்னல் பெப்டிடேஸ் என்ற நொதி அந்தத் துண்டை வெட்டி எறிகிறது. வெட்டாவிட்டால் புரதம் சவ்விலேயே மாட்டிக்கொள்ளும். இரு சவ்வுகளுக்கும் இடையில் புரதம் மடிந்து உருப்பெறுகிறது. கந்தகப் பிணைப்பு தேவைப்படும் புரதங்களுக்கு அதைப் போட்டுவிடவும் அங்கே நொதிகள் உண்டு. பிறகுதான் வெளிச்சவ்வின் பெரிய வாசல் அதைத் தண்ணீரில் விடுகிறது.

காலரா விப்ரியோ தன் நஞ்சை வெளியேற்றுவதும் இதே வாசல் வழியாகத்தான். அந்த நஞ்சின் மரபணு அதன் பூர்வீகச் சொத்தே அல்ல. ஒரு வைரஸ் கொண்டுவந்து சேர்த்தது என்பதை 1996இல் வால்டரும் மெக்கலானோஸும் காட்டினார்கள். நீர்நிலைகளில் வாழும் காலரா விப்ரியோக்களில் பெரும்பாலானவற்றிடம் அது கிடையாது. ஓடு தின்னப் பழகிய வாசலில் நஞ்சு பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது என்றே நினைக்கிறேன்.

காலராவுக்குப் பின்னால் ஒரு நஞ்சு இருக்க வேண்டும் என்று 1884இலேயே ராபர்ட் கோக் கருதினார். மெய்ப்பிக்க 75 ஆண்டுகள் ஆயின. 1959இல் கல்கத்தாவில் சம்புநாத் தே, கிருமியை வளர்த்த திரவத்தை வடிகட்டி, கிருமியே இல்லாத அந்த வடிநீரை முயலின் குடலில் செலுத்தினார். குடல் நீர்கோத்து வீங்கியது. கிருமி வெளியே விட்ட பொருளே நோயைச் செய்கிறது என்பது அன்று உறுதியானது. எளிய கருவிகளோடு இதைச் சாதித்த மனிதரை, 1985இல் அவர் இறக்கும்வரை நாடு உரியபடி கொண்டாடவில்லை. அது பெரிய குறை. காலராவின் கதையில் சென்னையும் வருகிறது: 1992இல் ஓ-139 என்ற புதுவகைக் காலரா தலைகாட்டிய முதல் ஊர்களில் அதுவும் ஒன்று.

சென்னைக்கு இந்தக் கதையில் வேறொரு பங்கும் உண்டு. பாக்டீரியாவின் சில புரதங்கள் தண்ணீருக்குப் போவதில்லை. கொழுப்பு பூண்டு சவ்வில் பதிகின்றன. அந்தக் கொழுப்பு சவ்வின் எந்தப் பொருளிலிருந்து வருகிறது, அதை இணைக்கும் நொதி எது என்பதை 1994இல் அமெரிக்காவில் ஹென்றி வூவோடு சேர்ந்து விளக்கியவர் கிருஷ்ணன் சங்கரன். கொழுப்பு சேர்ந்த பிறகே இரண்டாம் வகை சிக்னல் பெப்டிடேஸ் சமிக்ஞைத் துண்டை வெட்டும். பின்னர் அண்ணா பல்கலைக்கழகத்தில் அவர் இதே வழியில் தொடர்ந்தார். 2002இல் மதன் பாபுவும் அவரும் இத்தகைய புரதங்களுக்கான தரவுத்தளத்தை வெளியிட்டார்கள். விப்ரியோவின் பெரிய வாசலை வெளிச்சவ்வில் நிறுத்த உதவுவதும் கொழுப்பு பூண்ட ஒரு சிறு புரதமே.

கொழுப்பை இணைக்கும் நொதி, அதன்பின் துண்டை வெட்டும் நொதி ஆகிய இந்த இரண்டும் மனித செல்களில் இல்லை. அவற்றை முடக்கும் மருந்து நம்மைத் தீண்டாமல் கிருமியைத் தாக்கலாம். வெட்டும் நொதியைத் தடுக்கும் குளோபோமைசினை ஜப்பானியர் 1978இலேயே அறிவித்தார்கள். இரு நொதிகளின் முப்பரிமாண வடிவமும் 2016இல் தெரிந்தது. இன்னும் மருந்து வரவில்லை. இவ்வளவு நீண்ட வேலைக்கு ஆண்டுக்காண்டு பலன் கேட்கும் நிதிமுறை ஒத்துவராது.

மருந்து வந்தாலும் ஏரியிலிருந்து விப்ரியோவை ஒழிக்க முடியாது, ஒழிக்கவும் கூடாது. ஓடுகளைக் கரைப்பது அதுதான். நிறுத்த வேண்டியது கழிவு குடிநீரில் கலப்பதை. பருவமழைக்கு முன்னும் பின்னும் உப்பு மாறும்போது ஏரியில் எந்த விப்ரியோ எவ்வளவு இருக்கிறது, அதில் எத்தனை நஞ்சுடையவை என்று மாதந்தோறும் எண்ணி, கரையோர மக்களுக்குத் தமிழில் சொல்ல ஓர் ஆய்வகம் வேண்டும். பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. அங்கேயே தொடங்கலாம்.