ஊரின் பழைய படம்

ஆண்டுதோறும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அடைமழை பெய்து, சென்னையின் வீதிகளிலும் வீடுகளிலும் வெள்ளம் புகும்போது, “இங்கே எப்படித் தண்ணீர் வந்தது?” என்று ஜனங்கள் திகைப்புடன் கேட்கிறார்கள். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோதும் இதே கேள்வி எழுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் எழுந்தது. தண்ணீர் இருந்த இடத்திற்கு மனிதர் எப்போது வந்தார்கள் என்று கேட்பதே முறை என்பது நமது அபிப்பிராயம். இக்கேள்விக்கு யாருக்கும் அஞ்சாமல் பதில் சொல்லக்கூடிய சாட்சி ஒன்று உண்டு. பழைய சர்வே படங்களே அந்தச் சாட்சி.

ஒரு மைல் நிலத்தை ஓர் அங்குலத்தில் அடக்கிக் காட்டும் அப்படங்களை நம்மவர்களில் பலர் கண்ணால் கூடக் கண்டதில்லை. ஏரி, குளம், கரை, கால்வாய், சாலை, தோப்பு, கிணறு, கோயில், மசூதி, மாதா கோயில் ஆகிய அனைத்தும் அவற்றில் குறிகளாகப் பதிந்திருக்கின்றன. தன் ஊரின் பழைய படத்தையும் இன்றைய படத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பவன், ஒரு நாழிகைக்குள் தன் ஊரின் நூறு வருஷத்துச் சரித்திரத்தைத் தானே கற்றுக்கொள்கிறான். எந்தப் பண்டிதரின் உதவியும் அவனுக்கு வேண்டுவதில்லை.

இப்படங்கள் நமது நன்மைக்காக வரையப்பட்டவை என்று யாரும் எண்ண வேண்டாம். 1767-இல் இந்திய சர்வே இலாகா ஏற்பட்டதும், 1794-இல் சென்னையில் சர்வே பள்ளிக்கூடம் திறக்கப்பட்டதும் கம்பெனியாருடைய காரியத்தை முன்னிட்டுத்தான். வரி தண்டவும் படை நடத்தவும் அவர்களுக்கு நிலத்தின் அளவு தெரிய வேண்டியிருந்தது. திப்பு சுல்தான் வீழ்ந்த மூன்றாம் வருஷம், 1802 ஏப்ரல் 10-ந் தேதி, வில்லியம் லாம்டன் என்னும் ராணுவ உத்தியோகஸ்தர் பரங்கிமலையின் அருகே தமது அளவுச் சங்கிலியை நிலத்தில் விரித்தார். அங்கிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்றை நோக்கி ஏறத்தாழ ஏழரை மைல் தூரத்தை அவர் அளந்து முடிக்கச் சுமார் ஆறு வாரங்கள் ஆயின. இந்த ஏழரை மைலை அடிக்கோடாகக் கொண்டு முக்கோணத்தின் மேல் முக்கோணமாக எழுந்த அளவே பிற்காலத்தில் இமயம் வரை சென்றது. சங்கிலி சுமந்தவர்களும் கொடி பிடித்தவர்களும் காடு வெட்டி வழி செய்தவர்களும் நம் நாட்டவரே. எனினும் படத்தின் மூலையில் அவர்களுடைய பெயர் இல்லை. சர்வே இலாகாவில் கணிதராயிருந்து அருந்தொண்டாற்றிய வங்காளத்து ராதாநாத் சிக்தார் போன்ற மிகச் சிலரையே உலகம் அறியும். ஆகவே, அந்நியர் தங்கள் லாபத்திற்காகச் செய்த இந்தக் காரியத்தில் நம் முன்னோரின் உழைப்பும் கலந்திருக்கிறது. அதன் பலனை அனுபவிக்க நமக்குப் பூரண பாத்தியதை உண்டு.

அந்தப் பலன் யாதென்பதைச் சென்னையிலிருந்தே காட்டலாம். இன்று தியாகராய நகரின் கடைவீதிகளில் ஜவுளியும் நகையும் வாங்க நெருங்கும் கூட்டத்தில், தாம் ஓர் ஏரியின் நடுவே நிற்பதாக அறிந்தவர் எத்தனை பேர்? மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே, நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை வடக்கு தெற்காக நீண்டு கிடந்த பெரிய ஏரியைப் பழைய படங்கள் தெளிவாகக் காட்டுகின்றன. ஆங்கிலேயர் அதற்கு ‘லாங் டாங்க்’ என்றே பெயரிட்டிருந்தார்கள். 1920-களில் மாம்பலத்தில் வீட்டு மனைகள் வகுக்கும் திட்டம் வந்தது, ஏரி வற்றவைக்கப்பட்டது, தெருக்கள் எழுந்தன. நுங்கம்பாக்கத்தில் எஞ்சியிருந்த ஏரி நிலத்தின் மீது 1976-இல் வள்ளுவர் கோட்டம் நின்றது. ஏரி மறைந்தாலும் பெயர் மறையவில்லை. மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ இருக்கிறது. பார்ப்பதற்கு ஏரிதான் இல்லை. நுங்கம்பாக்கத்தில் ‘டாங்க் பண்ட் ரோடு’ இருக்கிறது. அந்தக் கரை காக்க வேண்டிய தண்ணீர் இல்லை. பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் என்னும் பெயர்களிலும் ‘தாங்கல்’ என்ற சொல் நீர்நிலையையே குறிக்கிறது. பெயர் சொல்லும் செய்தியைப் படம் உறுதி செய்கிறது; இரண்டையும் மறந்தவர்களுக்கு மழை நினைவூட்டுகிறது.

லாம்டன் அளந்த அந்த ஏழரை மைல் பிரதேசத்தின் கதை இதனினும் கசப்பானது. அதன் அருகே வேளச்சேரி ஏரியும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் பரந்து கிடந்தன. தென்சென்னையின் பல ஏரிகளிலிருந்து வழியும் நீர் அச்சதுப்பிலே தங்கி, பின்னரே கடலைச் சேரும். 2022-இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ்ப் பள்ளிக்கரணைக்குச் சர்வதேச அந்தஸ்து கிடைத்தது. ஆனால் அதற்கு முன்பே சதுப்பின் பெரும்பகுதி குப்பைமேடாகவும் சாலையாகவும் பெரிய கட்டிடங்களாகவும் மாறிவிட்டது. கூவம், அடையாறு கரைகளில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான ஏழைக் குடும்பங்களை, வெள்ள அபாயத்தையும் காரணமாகக் காட்டி, சர்க்கார் எங்கே கொண்டுபோய்க் குடியேற்றியது? இந்தத் தாழ்ந்த பிரதேசத்தைச் சேர்ந்த செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும்தான்! மழை வந்தால் அங்கேயும் தண்ணீர் சூழ்கிறது. இந்திய நில அளவையின் முதற்கோடு சென்று முடிந்த அதே பெரும்பாக்கத்தில், நிலத்தின் தன்மை நமக்குத் தெரியாது என்று எந்த அதிகாரியும் சொல்ல முடியாது.

பழைய படத்தைப் படிப்பதற்குச் சிறிது பயிற்சி வேண்டும். நீர் நீல நிறத்திலும், உயரத்தைக் காட்டும் கோடுகள் பழுப்பு நிறத்திலும், சாகுபடி நிலம் மஞ்சளிலும், மரச் செறிவு பச்சையிலும், சாலையும் குடியிருப்பும் சிவப்பிலும் இருக்கும். சென்னை போன்ற சமவெளியில் உயரக் கோடுகளைத் தேடிப் பயனில்லை. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையில் பல மைல்கள் ஓடிவிடும். அங்கே ஏரிக்கரைதான் வழிகாட்டி. கரை எந்தத் திசையில் வளைந்திருக்கிறது, கலிங்கல் எங்கே இருக்கிறது, அதிலிருந்து புறப்படும் கால்வாய் அடுத்த எந்த ஏரியில் போய் விழுகிறது என்று விரலால் தொட்டுக்கொண்டே போனால், ஏரிகள் சங்கிலியாகக் கோக்கப்பட்டிருப்பது புலனாகும். அச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் மழைக்காலத்தில் கீழூருக்கு வெள்ளம், கோடையில் வறட்சி. பிறகு படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த வழியே நடந்து பார்க்க வேண்டும். ஊரிலுள்ள முதியோர்களிடம் கேட்க வேண்டும். காகிதத்தில் நீலமாயிருக்கும் வாய்க்கால் இன்று யாருடைய மதிற்சுவருக்குள் நுழைந்து மறைகிறது என்பது அப்போது தெரிந்துவிடும்.

படம் சொல்வதையெல்லாம் வேதவாக்காகக் கொள்ளலாகாது என்பதையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். அளந்த வருஷம் வேறு, அச்சிட்ட வருஷம் வேறு. படத்தின் ஓரக் குறிப்பைப் பார்க்காமல் முடிவு கட்டுவது தவறு. ஊர்ப் பெயர்கள் ஆங்கில நாவில் சிதைந்திருக்கும். ஆளுவோருக்கு வேண்டிய சாலையும் கோட்டையும் தங்கும் விடுதியும் விளக்கமாயிருக்க, ஏழைகள் வாழ்ந்த சேரி ஒரு புள்ளியாய்ச் சுருங்கியிருக்கலாம், அல்லது இல்லாமலே போயிருக்கலாம். படத்தில் இல்லாததனால் அங்கே மனிதர் வாழவில்லை என்று ஆகாது. மேலும் இது பட்டா அல்ல. நிலம் யாருடையது என்பதற்குக் கிராமப் புலப்படத்தையும் ரெவினியூ பதிவேட்டையும் பார்க்க வேண்டும். ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-இல் தமிழ்நாட்டில் சட்டம் செய்யப்பட்டது. பழைய படத்தைக் காட்டிக் குடிசையை இடிப்பதும், அதே ஏரியில் நிற்கும் மாடமாளிகைக்கு அனுமதிப் பத்திரம் தேடிக் கொடுப்பதும் நீதியாகாது. படம் சாட்சி சொல்லுமானால் எளியவனுக்கும் வலியவனுக்கும் ஒரே சாட்சியாகத்தான் சொல்ல வேண்டும்.

இவ்வளவு பயனுள்ள படங்கள் ஜனங்களின் கைக்கு எட்டாமல் நெடுங்காலம் இருந்தது வருந்தத்தக்கது. பாதுகாப்பின் பெயரால் கடலோரப் பிரதேசத்துப் படங்கள் பெரும்பாலும் சுதந்தரத்திற்குப் பின்னரும் தடைக்குட்பட்டே இருந்தன. 2005-இல் படக் கொள்கை திருத்தப்பட்டுப் பொதுஜனங்களுக்கென்று தனி வரிசை ஏற்பட்டது. 2021-இல் வந்த விதிகள் பெரும்பாலான தடைகளைத் தளர்த்தின. இவை வரவேற்கத்தக்கவையே. ஆனால் இன்றைய படம் கிடைத்தால் மட்டும் போதாது; ஒப்பிடுவதற்கு நேற்றைய படமும் வேண்டும். 1950-களில் அமெரிக்க ராணுவத்தார் நமது சர்வே படங்களை ஆதாரமாகக் கொண்டு வெளியிட்ட படங்களை, டெக்ஸாஸ் சர்வகலாசாலையின் நூலகம் உலகத்தார் அனைவரும் இலவசமாகக் காணும்படி வைத்திருக்கிறது. நம் ஏரி எங்கே இருந்தது என்று அறிய நாம் அமெரிக்காவின் கதவைத் தட்டும் நிலை சுதந்தர நாட்டுக்குப் பெருமை தருவதாகுமா?

சர்வே இலாகாவும் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் தங்களிடமுள்ள பழைய படங்களையெல்லாம் நகலெடுத்து, யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பார்க்கும்படி செய்ய வேண்டும். ஊர்ப் பெயர்களைத் தமிழில் குறித்து, ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் பள்ளிக்கூடத்திலும் அவ்வூரின் பழைய படத்தையும் புதிய படத்தையும் சேர்த்துச் சுவரில் மாட்ட வேண்டும். கட்டிட அனுமதி கேட்டு வரும் ஒவ்வொரு மனுவும் பழைய படத்துடன் ஒப்பிடப்பட வேண்டும். மனை வாங்குபவனுக்கும் அந்தப் படத்தைக் காட்ட வேண்டும். ஆயுள் முழுவதும் சேர்த்த பணத்தைக் கொடுத்து ஏரியில் வீடு வாங்கிய பிறகு அவனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

உபாத்தியாயர்கள் சர்க்காரின் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. மாதம் ஒரு நாள் பிள்ளைகளை ஊருக்கு வெளியே அழைத்துச் சென்று, பழைய படத்தில் உள்ள ஒரு குளத்தையோ கால்வாயையோ தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லட்டும். எங்கோ உள்ள நதிகளின் நீளத்தை மனப்பாடம் செய்யும் பிள்ளை, தன் வீட்டுக் கொல்லையில் ஓடிய வாய்க்காலின் பெயரை அறியாதிருப்பது என்ன கல்வி? அந்த வாய்க்காலின் பெயரும் பாதையும் அறிந்த பிள்ளை பெரியவனானதும் அதை அடைக்க வருபவனிடம் கேள்வி கேட்பான். அவ்வாறு கேட்பவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருந்தால், எஞ்சியிருக்கும் ஏரிகளேனும் பிழைக்கும் என்று நம்புகிறோம்.