ஹெல்மெட் ஓகே... காதுக்கு என்ன பாதுகாப்பு? பைக் ஓட்டுபவர்களுக்கு இயர் பிளக் தேவையா, எதை வாங்கலாம்?

புதிதாக டூவீலர் வாங்குபவருக்கு ஐ.எஸ்.ஐ முத்திரையுள்ள இரண்டு ஹெல்மெட்டுகளைச் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2025 ஜூனில் ஒரு வரைவு விதியை வெளியிட்டது. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவையடுத்து 2015 ஜூலை 1 முதலே ஹெல்மெட் விஷயத்தில் கெடுபிடி தொடங்கிவிட்டது. ஆக, தலையைப் பற்றிப் பத்து வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். அதே ஹெல்மெட்டுக்குள் இருக்கும் காதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

சேலம் மாவட்டம் கெங்கவல்லி, தம்மம்பட்டி, வீரகனூர் பக்கமிருந்து ஆத்தூருக்கும் சேலத்துக்கும் தினமும் பைக்கில் போய்வருபவர்கள் ஏராளம். ஃபைனான்ஸ் கலெக்‌ஷன், மெடிக்கல் ரெப், கடை வேலை, கல்லூரி என ஆளுக்கு ஒரு காரணம். ராத்திரி வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றிய பிறகும் காதுக்குள்ள 'ஙொய்'னு ஒரு சத்தம் கேட்டால், அது வெறும் அலுப்பு இல்லை. காது கொடுக்கும் எச்சரிக்கை.

சத்தம் எங்கிருந்து வருது?

இன்ஜின், சைலன்சர், பஸ் ஹார்ன் என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஆனால், வேகம் கூடக் கூட காதை அதிகம் தாக்குவது காற்றின் இரைச்சல். ஹெல்மெட்டைச் சுற்றிப் பாயும் காற்று தாடைப் பகுதியிலும் கழுத்தோரத்திலும் சுழன்று அடிக்கிறது. அந்த உறுமல் நேராக உள்ளே இறங்குகிறது.

'முழுசா மூடுற ஹெல்மெட் போட்டிருக்கேன், அதுபோதாதா?' என்றால், போதாது. ஹெல்மெட் தலையில் விழும் அடியைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டது. காற்றின் தாழ்ந்த சுருதி உறுமலை அது பெரிதாகத் தடுப்பதில்லை. 1990-களில் பிரிட்டனில் நடந்த ஆய்வுகளில், ஹெல்மெட்டுக்குள் காதருகே மைக் வைத்து அளந்தார்கள். மணிக்கு 60 கி.மீ வேகத்தில் சுமார் 90 டெசிபல். 160 கி.மீ வேகத்தில் சுமார் 110 டெசிபல். ஹெல்மெட், வண்டி, உட்காரும் விதத்தைப் பொறுத்து இது கொஞ்சம் கூடும், குறையும்.

கெங்கவல்லி டு சேலம்: ஒரு சின்னக் கணக்கு

எவ்வளவு சத்தத்தை எவ்வளவு நேரம் கேட்கலாம் என்பதற்கு அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான 'நியோஷ்' ஓர் அளவு வைத்திருக்கிறது. 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி நேரம், 91-க்கு 2 மணி நேரம், 94-க்கு 1 மணி நேரம்.

இப்போது நம்ம ரூட்டுக்கு வருவோம். கெங்கவல்லியிலிருந்து ஆத்தூர் சுமார் 15 கி.மீ. ஊர்களுக்கு நடுவே போகும் ரோடு. டிராக்டர், ஆடு மாடு எல்லாம் குறுக்கே வரும். 40, 50-க்கு மேல் போக முடியாது, போகவும் கூடாது. இந்தத் தூரத்துக்கு மட்டும் ஓட்டுபவர் இயர் பிளக் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

ஆத்தூரில் தேசிய நெடுஞ்சாலை ஏறியதும் கதை மாறுகிறது. பெத்தநாயக்கன்பாளையம், வாழப்பாடி, அயோத்தியாப்பட்டணம் வழியாக சேலம் சுமார் 50 கி.மீ. மணிக்கு 80 கி.மீ வேகத்தில் போனால், பிரிட்டன் ஆய்வு காட்டும் போக்கில் காதுக்குள் சுமார் 94 டெசிபல் இருக்கும். போக 37 நிமிடம், வர 37 நிமிடம். மொத்தம் ஒன்றேகால் மணி நேரம். 94 டெசிபலுக்கு அனுமதியே 1 மணி நேரம்தான். அதாவது, வேலை இடத்துச் சத்தம், ஹார்ன், வீட்டு டி.வி எதையும் சேர்க்காமலே, பைக் பயணம் மட்டுமே அன்றைய கோட்டாவைத் தாண்டிவிடுகிறது. ஒருநாள் போய்வந்தால் ஒன்றும் ஆகிவிடாது. வாரத்துக்கு ஆறு நாள், வருஷக்கணக்கில் என்னும்போதுதான் சிக்கல்.

காது போறது எப்படித் தெரியும்?

உடனே தெரியாது, அதுதான் ஆபத்து. உட்காதில் சத்தத்தை உணரும் மிக நுண்ணிய முடி செல்கள் இருக்கின்றன. மனிதர்களுக்கு இவை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. மருந்து, ஆபரேஷன் எதுவும் அதைத் திரும்பக் கொண்டுவராது.

முதலில் போவது உயர்ந்த சுருதி. 'ஸ', 'ஃப' போன்ற ஒலிகள் மங்கும். எதிராளி பேசுவது கேட்கும், ஆனால் என்ன சொல்கிறார் என்று பிடிபடாது. கல்யாண மண்டபம், பஸ் ஸ்டாண்ட் போன்ற இரைச்சலான இடத்தில் 'என்ன, என்ன' என்று திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருக்கும். வீட்டில் டி.வி வால்யூமைக் கூட்டுவதை முதலில் கவனிப்பது பெரும்பாலும் மனைவியோ அம்மாவோதான். இரைச்சல் நின்ற பிறகும் காதில் ரீங்காரம் தொடர்ந்தால், ஈ.என்.டி டாக்டரைப் பார்த்து கேட்கும் திறன் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

இயர்போன் மாட்டுனா போதாதா?

ஹெல்மெட்டுக்குள் ப்ளூடூத் இயர்போன் வைத்துப் பாட்டுக் கேட்பது இப்போது சகஜம். இது இரட்டை ஆபத்து. 90 டெசிபல் காற்றுச் சத்தத்தைத் தாண்டிப் பாட்டு கேட்க வேண்டுமென்றால், வால்யூம் அதைவிட மேலே போக வேண்டும். காதுக்கு இரண்டு சத்தமும் சேர்ந்தே விழும். கவனமும் பாட்டுக்கோ போனுக்கோ போய்விடும். இயர் பிளக்கின் வேலை நேர் எதிரானது: அது சத்தத்தைக் குறைக்கும், எதையும் சேர்க்காது.

பிளக் போட்டா ஹார்ன் கேக்குமா?

எல்லோரும் கேட்கும் கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. இயர் பிளக் காதை முழுசாக அடைத்துவிடாது. காற்றிரைச்சல், ஹார்ன் இரண்டையுமே குறைக்கும். பின்னணி இரைச்சலும் சேர்ந்து இறங்குவதால், நெடுஞ்சாலை வேகத்தில் ஹார்ன் தனியாகப் பிடிபடும். நல்ல காது உள்ளவருக்கு இதனால் பெரிய இழப்பில்லை. ஏற்கெனவே காது மந்தமாக இருப்பவர் மட்டும் டாக்டரிடம் கேட்காமல் போடக் கூடாது.

ஊருக்குள் நிலைமை வேறு. வேகம் குறைவு, காற்றிரைச்சல் இல்லை. அங்கே சைக்கிள் மணி, ஆள் கூப்பிடும் குரல் எல்லாமே தேவை. அதனால் நெடுஞ்சாலையில் மட்டும் போடுவதே சரியான வழி.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலச் சட்டம் வாகனம் ஓட்டும்போது இரண்டு காதிலும் பிளக் வைப்பதைத் தடை செய்கிறது. ஆனால், ஹார்னையும் சைரனையும் மறைக்காமல் தீங்கான இரைச்சலை மட்டும் குறைக்கும் பிளக்குக்கு விலக்கு அளிக்கிறது. வாங்கும்போது இந்தப் பார்வை நமக்கும் உதவும்.

என்னென்ன வகை இருக்கு?

ஃபோம்: உருட்டிக் காதில் விட்டால் விரியும் ஸ்பாஞ்ச் வகை. விலை மிகக் குறைவு, சத்தத்தை நன்றாகக் குறைக்கும், ஹெல்மெட்டுக்குள் உறுத்தாது. சரியாகப் போடக் கற்றுக்கொள்ள வேண்டும், அழுக்கானால் தூக்கிப்போட வேண்டும். உயர் சுருதியைக் கொஞ்சம் அதிகமாகவே மழுக்கும்.

சிலிக்கான்: குடை அடுக்கு போன்ற வடிவம். போடுவது, கழற்றுவது சுலபம். கழுவிக் கழுவிப் பல மாதம் பயன்படுத்தலாம். ஆனால், பலவற்றில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காம்பு ஹெல்மெட் பஞ்சில் இடித்துக் காதை வலிக்க வைக்கும்.

ஃபில்டர் வைத்தது: பைக் ஓட்டுபவர்களுக்கென்றே வருவது. நடுவே சிறு துளையும் ஃபில்டரும் இருக்கும். காற்றிரைச்சல் குறையும், பேச்சும் ஹார்னும் ஓரளவு தெளிவாக இருக்கும். விலை மற்ற இரண்டையும்விட அதிகம்.

அச்சு எடுத்துச் செய்வது: காதின் அச்சு எடுத்து அளவாகச் செய்து தருவார்கள். சௌகரியம் இதில்தான் அதிகம், செலவும் அதிகம். தினமும் நெடுந்தூரம் ஓட்டுபவர்கள் மட்டும் யோசிக்கலாம்.

பஞ்சு உருட்டி வைப்பது பலருக்கும் பழக்கம். அது காற்று நுழைவதைத் தடுக்கும், சத்தத்தை அல்ல.

நம்பரைப் பார்த்து ஏமாறாதீங்க

பாக்கெட்டில் 'என்.ஆர்.ஆர் 29', 'எஸ்.என்.ஆர் 33' என்று போட்டிருக்கும். எத்தனை டெசிபல் குறையும் என்பதன் லேப் அளவு இது. நிஜத்தில் அவ்வளவு வராது. ஃபோம் பிளக்குக்கு அந்த எண்ணில் பாதியைத்தான் நம்ப வேண்டும் என்று 1998-ல் நியோஷ் சொன்னது. 29 என்றால் சுமார் 14. பரவாயில்லை, 94-லிருந்து 14 போனால் 80. நமக்கு வேண்டியதே அவ்வளவுதான். காதுக்குள் 75 முதல் 80 டெசிபல் இருந்தால் போதும். அதற்கும் கீழே வெகுவாகக் குறைந்தால், சாலையிலிருந்தே துண்டிக்கப்பட்ட உணர்வு வரும்.

எனவே 'பெரிய நம்பர் எது' என்று தேடாமல், 'ஒரு மணி நேரம் உறுத்தாமல் இருப்பது எது' என்று தேடுங்கள். வலித்தால் வாழப்பாடியிலேயே கழற்றிப் பாக்கெட்டில் போட்டுவிடுவீர்கள். பாக்கெட்டில் இருக்கும் 33, காதில் இருக்கும் 20-க்கு ஈடாகாது.

வாங்கும்போது கவனிக்க...

* ஒரே அளவு எல்லோருக்கும் சேராது. பெண்களுக்குப் பொதுவாகக் காதுத் துவாரம் சிறியது. ஒருவருக்கே இரண்டு காதும் வேறுபடலாம். சின்ன, பெரிய அளவு கலந்த பாக்கெட் வாங்கிப் பாருங்கள்.
* போட்டபின் காது மட்டத்தைத் தாண்டி வெளியே நீட்டக் கூடாது.
* வீட்டிலேயே ஹெல்மெட்டோடு அரை மணி நேரம் போட்டுப் பாருங்கள். அழுத்தமோ வலியோ இருந்தால் வேறு அளவு, வேறு வகைக்கு மாறுங்கள்.
* ஹெல்மெட்டை மாட்டும்போது பிளக் நகர்ந்துவிடுகிறதா என்று பாருங்கள்.

எப்படிப் போடணும்?

கையைக் கழுவிவிட்டு, ஃபோம் பிளக்கைச் சுருக்கம் விழாமல் மெல்லிய குச்சியாக உருட்டுங்கள். மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுங்கள். துவாரம் நேராகும். பிளக்கை உள்ளே விட்டு 20 முதல் 30 விநாடி விரலால் பிடித்திருங்கள். பிறகு ஹெல்மெட். கழற்றும்போது சட்டென்று இழுக்காமல், மெல்லத் திருகி எடுங்கள். காதில் சீழ், வலி, செவிப்பறை ஓட்டை உள்ளவர்கள் எந்த பிளக்கும் போட வேண்டாம்.

பொறுப்பு யாருக்கு?

1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மாதிரி விதிகள் 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபலை வரம்பாக வைத்தன. அதைத் தாண்டினால் தொழிலாளியின் காதைக் காப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. மில்லுக்குள் மெஷின் ஓட்டுபவருக்கு இந்தப் பாதுகாப்பு இருக்கிறது. அதே அளவு சத்தத்தில் நாள் முழுக்க பைக் ஓட்டிக் கலெக்‌ஷன் எடுப்பவருக்கோ, டெலிவரி செய்பவருக்கோ இல்லை. அவர்களுக்கு சாலைதான் வேலையிடம் என்பது விதிகளில் இன்னும் ஏறவில்லை.

பஸ், லாரிகளில் பல சுருதி ஏர் ஹார்ன் வைப்பதை மத்திய மோட்டார் வாகன விதி 119 தடை செய்கிறது. அது ஒழுங்காக அமலானாலே சாலையில் பாதி தலைவலி தீரும். டீ.ஏ, பெட்ரோல் அலவன்ஸ் கொடுக்கும் நிறுவனங்கள் மாதம் ஒரு பாக்கெட் ஃபோம் பிளக் வாங்கிக் கொடுப்பதும் பெரிய செலவில்லை.

அதுவரை, ஆத்தூரில் நெடுஞ்சாலை ஏறும் முன் வண்டியை ஓரங்கட்டுங்கள். பிளக், ஹெல்மெட், கொக்கி. ஒரு நிமிஷ வேலைதான்.