கோம்பை நாய்க்கு சோபா பழக்கலாமா?

தேனி மாவட்டத்துக் கோம்பை ஊரின் பெயரைத் தாங்கிய நாய் இது. வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்தார்கள். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டை வேலை போச்சு. வேகமும் உஷாரும் போகவில்லை. 2020 ஆகஸ்ட் ‘மனதின் குரல்’ உரையில் பிரதமர் பெயர் சொன்ன நாட்டு இனங்களில் கோம்பையும் ஒன்று. இப்போது ஃபிளாட்டில் வளர்க்கவும் பலருக்கு ஆசை.

சோபாவில் ஏற்றணுமா? தூக்கி வைக்காதீங்க. அது படுத்த பழைய போர்வையை மேலே விரிச்சு, தீனியைக் காட்டுங்க, தானா ஏறட்டும். இறங்கவும் அதே மாதிரி பழக்குங்க. தூங்கும்போது தொட்டு எழுப்பாம, பேர் சொல்லிக் கூப்பிடுங்க.

ஆனால், சோபா ரெண்டாவது விஷயம்தான். தினமும் ரெண்டு வேளை ஓடவிட நேரமும் இடமும் இல்லைன்னா கோம்பையை வாங்காதீங்க. அடைச்சு வெச்ச நாய் சோபாவைக் கிழிச்சா, தப்பு நாய் மேல இல்லை.