ஊசிக்கு இடம் உண்டு, மருந்தின் இடம் அல்ல
போதை மீட்பிலும் நாள்பட்ட வலியிலும் அக்குபஞ்சர்: எங்கள் அமைப்பின் நிலைப்பாடு

சுருக்கம்

மதுவிலிருந்தும் பிற போதைகளிலிருந்தும் மீண்டு வருவோரோடும், ஆண்டுக்கணக்கில் வலியோடு வாழ்வோரோடும் வேலை செய்பவர்கள் நாங்கள். அக்குபஞ்சர் போகலாமா என்று நோயாளிகளும் குடும்பத்தாரும் எங்களிடம் கேட்கிறார்கள். மையத்திலேயே அதைத் தொடங்கலாமா என்று மறுவாழ்வு மையம் நடத்துவோர் கேட்கிறார்கள். இரு தரப்புக்கும் எங்கள் பதில் இது:

1. நாள்பட்ட முதுகுவலி, கழுத்துவலி, தோள்வலி, மூட்டுத் தேய்மானத்தால் வரும் முழங்கால் வலி, அடிக்கடி வரும் தலைவலி ஆகியவற்றுக்கு, பயிற்சி பெற்றவர் ஊசி கொண்டு செய்யும் அக்குபஞ்சரை வரம்போடு ஆதரிக்கிறோம்.

2. போதை மீட்பில் அதை ஆறுதல் தரும் கூடுதல் உதவியாக மட்டும் ஏற்கிறோம். குடியை நிறுத்த வைக்கும் சிகிச்சை என்று அதை விளம்பரப்படுத்துவதை ஏற்கவில்லை.

3. குடியை நிறுத்திய முதல் நாட்களில் மருத்துவக் கண்காணிப்பை விட்டுவிட்டு அக்குபஞ்சரை மட்டும் நம்புவதை எதிர்க்கிறோம்.

4. நடந்துகொண்டிருக்கும் மருந்தை நிறுத்தச் சொல்லும் எந்தச் சிகிச்சையாளரிடமும் யாரையும் அனுப்பமாட்டோம்.

நான்குக்கும் அடிப்படை ஒரே கேள்விதான்: ஊசி உள்ளே வரும்போது எது வெளியே போகிறது? எதுவும் போகவில்லை என்றால் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை.

வலியையும் போதையையும் ஏன் சேர்த்துப் பேசுகிறோம்

மூட்டை தூக்குபவரும், நாள் முழுக்கத் தையல் மெஷினில் குனிந்திருப்பவரும், கட்டட வேலைக்குப் போகிறவரும் "உடம்பு வலிக்குத்தான் குடிக்கிறேன்" என்று சொல்வதைச் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. வலி தூக்கத்தைக் கெடுக்கிறது. தூக்கத்துக்காகக் குவார்ட்டர் வருகிறது. காலையில் வலி அப்படியே இருக்க, குடி மட்டும் தங்கிவிடுகிறது. வலிக்கென்று மருந்துக்கடையில் சொந்தமாக வாங்கி ஆண்டுக்கணக்கில் விழுங்கும் மாத்திரைகள் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கின்றன.

மறுபுறம், வலி நிவாரணிகளே போதைப் பொருளாகவும் மாறியிருக்கின்றன. டிரமடாலை 2018-இல் மத்திய அரசு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. டாபென்டடால் மாத்திரைகளைக் கரைத்து ஊசியாக ஏற்றிக்கொள்ளும் இளைஞர்களைத் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலும் பார்க்கிறோம். போதையிலிருந்து மீண்ட ஒருவருக்கு மூட்டுவலி என்றால் மருத்துவருக்கும் தயக்கம், அவருக்கும் பயம். மாத்திரை இல்லாமல் வலியைக் கொஞ்சமாவது குறைக்கும் வழி எதுவாக இருந்தாலும் அதை நாங்கள் கவனமாகப் பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

வலிக்கு: ஓரளவு சான்று உண்டு

ஆண்ட்ரூ விக்கர்ஸ் தலைமையிலான குழு 39 ஆய்வுகளில் பங்கேற்ற 20,827 பேரின் தனித்தனித் தரவுகளைத் திரட்டி 2018-இல் முடிவு வெளியிட்டது. முதுகு, கழுத்து, தோள், முழங்கால், தலைவலி என நாள்பட்ட வலிகளில், அக்குபஞ்சர் எடுக்காதவர்களைவிட எடுத்தவர்களுக்கு வலி குறைந்திருந்தது. ஓராண்டுக்குப் பிறகும் அந்தப் பலனில் ஏறக்குறைய 15 சதவீதம்தான் தேய்ந்திருந்தது. போலி ஊசியோடு ஒப்பிட்டபோதும் வேறுபாடு இருந்தது. ஆனால் அது சிறியது.

இந்தச் சிறிய வேறுபாட்டை மறைக்காமல் சொல்வது எங்கள் கடமை. ஜெர்மனியில் 1,162 முதுகுவலி நோயாளிகளிடம் நடந்து 2007-இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. ஆறு மாத முடிவில், முறைப்படி அக்குபஞ்சர் பெற்றவர்களில் 47.6 சதவீதத்தினருக்கு முன்னேற்றம். புள்ளிகளை விட்டு வேறு இடங்களில் மேலோட்டமாக ஊசி குத்தப்பட்டவர்களில் 44.2 சதவீதம். மருந்து, பிசியோதெரபி, உடற்பயிற்சி என்ற வழக்கமான சிகிச்சையில் 27.4 சதவீதம். ஊசி வைத்துக்கொண்டவர்களுக்குப் பலன் கிடைத்தது உண்மை. ஆனால் இன்ன புள்ளியில்தான் குத்த வேண்டும், நாடி பார்த்து அந்தப் புள்ளியைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற கோட்பாட்டை இந்த எண்கள் தாங்கிப் பிடிக்கவில்லை.

இதே சான்றுகளைப் படித்த அமைப்புகள் வெவ்வேறு முடிவுக்கு வந்திருக்கின்றன. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் நிறுவனம் 2016-இல் முதுகுவலிக்கு அக்குபஞ்சர் வேண்டாம் என்றது. அதே நிறுவனம் 2021-இல், வேறு நோயால் விளக்க முடியாத நாள்பட்ட வலிக்கு ஒரு சுற்று அக்குபஞ்சரைப் பரிசீலிக்கலாம் என்றது. 2023 டிசம்பரில் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல், நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு ஊசி முறைகளை நிபந்தனையோடு பரிந்துரைக்கிறது. அமெரிக்காவின் அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் 2020 முதல் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு 90 நாளில் 12 அமர்வு வரை செலவை ஏற்கிறது. முன்னேற்றம் தெரிந்தால் இன்னும் 8 அமர்வு, ஆண்டுக்கு 20-க்கு மேல் இல்லை. முன்னேற்றம் இல்லையென்றால் நிறுத்திவிட வேண்டும். இந்தக் கடைசி விதிதான் எங்களுக்கு முக்கியமாகப் படுகிறது. பலன் இல்லாத ஊசியை மாதக்கணக்கில் தொடர்வது நோயாளியின் பணத்தையும் நம்பிக்கையையும் சேர்த்துக் கரைக்கிறது.

போதைக்கு: வரலாறு பெரியது, சான்று மெலிந்தது

1970-களின் தொடக்கத்தில் ஹாங்காங்கில் நரம்பியல் அறுவை மருத்துவர் எச்.எல். வென், அறுவையின்போது வலி தெரியாமலிருக்க மின் அக்குபஞ்சரைப் பயன்படுத்தினார். அபின் பழக்கமுள்ள நோயாளிகளுக்கு அதை நிறுத்தும்போது வரும் அவதியும் அதனால் தணிந்ததாகக் கவனித்து, 1973-இல் எழுதினார். நியூயார்க்கின் தெற்கு பிராங்க்ஸில் அதே காலத்தில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. 1970-இல் யங் லார்ட்ஸ் என்ற போர்ட்டோ ரிக்கோ இளைஞர் இயக்கத்தினர் லிங்கன் மருத்துவமனையைக் கைப்பற்றிப் போராடினார்கள். அந்தப் போராட்டச் சூழலில் அங்கே ஒரு போதை மீட்பு மையம் உருவானது. ஹெராயினில் சிக்கிய ஏழை மக்களுக்கு முதலில் மெதடோன் என்னும் மாற்று மருந்தைக் கொடுத்த அந்த மையம், பிறகு காது அக்குபஞ்சருக்கு நகர்ந்தது. அங்கே பணியாற்றிய மருத்துவர் மைக்கேல் ஸ்மித்தும் அவருடைய சகாக்களும் உருவாக்கிய முறைதான் 1985-இல் அமைக்கப்பட்ட நாடா (NADA) என்ற சங்கத்தின் வழியாக உலகெங்கும் பரவியது. இரு காதுகளிலும் ஐந்து ஐந்து ஊசிகள். சிம்பதெடிக், ஷென்மென், சிறுநீரகம், கல்லீரல், நுரையீரல் என்று அந்தப் புள்ளிகளுக்குப் பெயர். அரை மணி முதல் முக்கால் மணி நேரம் குழுவாக நாற்காலிகளில் அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள். 1989-இல் மயாமியில் தொடங்கிய அமெரிக்காவின் முதல் போதை நீதிமன்றமும் இம்முறையைத் தன் திட்டத்தில் சேர்த்துக்கொண்டது.

யாரும் கண்டுகொள்ளாத மக்களுக்காகப் பிறந்த இந்த முறையின் மேல் எங்களுக்கு மரியாதை உண்டு. ஆனால் மரியாதை சான்றாகிவிடாது. யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கோகெய்ன் பழக்கமுள்ள 82 பேரிடம் நடத்தி 2000-இல் வெளியிட்ட ஆய்வில் காது அக்குபஞ்சர் நல்ல பலன் தந்தது. அதே குழுவினர் முன்னின்று 620 பேரிடம் நடத்திய பெரிய ஆய்வு 2002-இல் வந்தது. காதில் உரிய புள்ளிகளில் ஊசி, காதிலேயே வேறு இடத்தில் ஊசி, ஊசியே இல்லாமல் மனத்தை அமைதிப்படுத்தும் காணொளி என்று மூன்று பிரிவுகள். மூன்றிலும் கோகெய்ன் பயன்பாடு குறைந்தது. மூன்றுக்கும் இடையே வேறுபாடு இல்லை.

மது, ஓபியாய்டு என்னும் அபின் வகைப் பொருட்கள், புகையிலை எல்லாவற்றையும் சேர்த்து 41 ஆய்வுகளை அலசி 2016-இல் வெளியான ராண்ட் நிறுவன ஆய்வாளர்களின் தொகுப்பாய்வும் இதையே சொல்கிறது. திரும்பக் குடிப்பதையோ சிகிச்சையை விட்டு ஓடுவதையோ அக்குபஞ்சர் குறைத்ததாகத் தெரியவில்லை. சிகிச்சை முடிந்த உடன் ஏக்கமும் பதற்றமும் சற்றுத் தணிந்திருந்தன. பிந்தைய கணக்கெடுப்பில் அந்தப் பலன் நிற்கவில்லை.

ஆகவே எங்கள் கணிப்பு: கைநடுக்கமும் எரிச்சலுமாக இருக்கும் ஒருவர் அரை மணி நேரம் யாரும் கேள்வி கேட்காமல் அமைதியாக உட்கார முடிந்தால், அன்றைய மாலை அவருக்குக் கொஞ்சம் லேசாகலாம். அது மதிப்புள்ளதுதான். அதைப் போதையை வெல்லும் சிகிச்சை என்று விற்பது உண்மைக்குப் புறம்பானது.

"கழிவு வெளியேறுகிறது" என்ற சொல்லின் விலை

எங்களை அதிகம் கவலைப்பட வைப்பது ஊசியைவிட, ஊசியோடு வரும் பேச்சு. மருந்தில்லா மருத்துவம் என்ற பெயரில், காய்ச்சலோ நடுக்கமோ வாந்தியோ வந்தால் உடம்பு கழிவை வெளியேற்றுகிறது, தடுக்காதீர்கள் என்று சொல்லப்படுகிறது. நீண்ட நாள் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு மனக்குழப்பம் வரும். இல்லாததைப் பார்ப்பார்கள், காய்ச்சலும் படபடப்பும் ஏறும். டெலிரியம் ட்ரெமென்ஸ் என்ற இந்த நிலை உயிரைப் பறிக்கக்கூடியது. இதற்கு வேண்டியது டயாசிபாம், லோராசிபாம் வகை மருந்துகளும் தயமின் என்னும் பி1 வைட்டமினும் மருத்துவரின் கண்காணிப்பும். இந்த நடுக்கத்தைக் கழிவு என்று கூறிக் குடும்பத்தை வீட்டிலேயே காத்திருக்க வைப்பது கொலைக்குச் சமமான அலட்சியம்.

ஓபியாய்டுகளில் ஆபத்து வேறு விதம். விடும்போதுள்ள அவதி பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் சில வாரம் விட்டிருந்தவரின் உடல் பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும். மீண்டும் பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். புப்ரெனார்பின், மெதடோன் போன்ற மாற்று மருந்துகள் இறப்பைக் கணிசமாகக் குறைக்கின்றன. "இதுவும் ஒரு போதைதான், இதை நிறுத்திவிட்டு ஊசிக்கு வா" என்பவர் அந்தப் பாதுகாப்பைப் பிடுங்குகிறார்.

ஊசியா, தொடுதலா? யார் செய்யலாம்?

தமிழ்நாட்டில் அக்குபஞ்சர் என்று நடப்பதில் பெரும் பகுதி ஊசியே இல்லாத தொடு சிகிச்சை. மேலே சொன்ன ஆய்வுகள் ஊசி குத்திச் செய்யப்பட்டவை. ஒரு விரலால் ஒரு புள்ளியைத் தொடுவதற்கு அந்தச் சான்றுகளை எடுத்துக் காட்டுவது முறையல்ல. தொடு சிகிச்சையை வலிக்கோ போதைக்கோ நாங்கள் பரிந்துரைக்கவில்லை.

1938-இல் சீனா சென்ற இந்திய மருத்துவக் குழுவில் துவாரகாநாத் கோட்னிஸோடு இருந்தவர் பிஜய் குமார் பாசு. அவர் 1950-களின் இறுதியில் மீண்டும் சீனா சென்று அக்குபஞ்சர் கற்றுவந்து கல்கத்தாவில் தொடங்கினார். மேற்கு வங்கம் 1996-இல் இதற்கெனச் சட்டம் இயற்றியது. மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2003 ஆணை, முறையான பயிற்சி பெற்றவர்கள் செய்யலாம் என்று அனுமதித்தது. சில வார வகுப்பும் சுவரில் மாட்டிய சான்றிதழும் அந்தப் பயிற்சியாகிவிடாது.

தகுதியான கைகளில் ஊசி பாதுகாப்பானதே. பிரிட்டனில் 34,407 சிகிச்சைகளைக் கண்காணித்து 2001-இல் வெளியான ஆய்வில் கடுமையான பாதிப்பு ஒன்றும் பதிவாகவில்லை. ஆனால் நெஞ்சுப் பகுதியில் ஆழமாகக் குத்தினால் நுரையீரல் துளைபடலாம். ஊசி வழியே போதை ஏற்றியவர்களிடையே எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி தொற்று கூடுதல் என்பதால், எங்கள் மையங்களில் ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசி இன்னொருவரைத் தொடவே கூடாது.

நாங்கள் கேட்பவை

மறுவாழ்வு மையங்களுக்கு: 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி பதிவு, மருத்துவர், ஆலோசகர் ஆகியவை முதலில் இருக்கட்டும். இவை இல்லாத இடத்தில் அக்குபஞ்சர் வேண்டாம். வைத்தால், விரும்புவோருக்கு மட்டும், கட்டணம் இல்லாமல். மறுப்பவரை வற்புறுத்தக்கூடாது.

சிகிச்சையாளர்களுக்கு: ஒரு முறை மட்டும் பயன்படுத்தும் ஊசி, பயன்படுத்தியதைப் போட 2016 மருத்துவக் கழிவு விதிகள் சொல்லும் துளைபடாத வெள்ளைப் பெட்டி. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவரா, கர்ப்பிணியா, வலிப்பு வந்தவரா என்று கேட்ட பிறகே ஊசி. ஆறு அமர்வில் மாற்றம் தெரியவில்லை என்றால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் திருப்பி அனுப்புங்கள்.

வலியோடு வருவோருக்கு: எடை குறைவது, காய்ச்சல், கால் மரத்துப்போவது, சிறுநீர் கட்டுப்பாடு இழப்பது இருந்தால் முதலில் மருத்துவமனை. மற்றபடி நடையும் உடற்பயிற்சியும் தொடரட்டும், ஊசி அவற்றோடு சேரட்டும்.

தமிழக அரசுக்கு: யார் பயிற்சி பெற்றவர் என்று பொதுமக்கள் சரிபார்க்க ஒரு பதிவேடு வேண்டும். மருந்தை நிறுத்தச் சொல்லும் விளம்பரங்கள் மீது நடவடிக்கை வேண்டும். இவற்றுக்கும் முன்னதாக, உள்ள சிகிச்சை மக்களைச் சென்றடைய வேண்டும். மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான கணக்கெடுப்பின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது சிகிச்சை கிடைத்திருக்கிறது. மற்ற 37 பேர் எந்த வாசலுக்கும் போவார்கள். மாவட்ட மருத்துவமனைதோறும் படுக்கையும் மருந்தும் ஆலோசகரும் இருந்தால் அவர்கள் அலைய வேண்டியிருக்காது.

குடும்பங்களுக்கு: குடியை நிறுத்தியவருக்கு வலிப்போ குழப்பமோ வந்தால் 108. போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, மனநல உதவிக்கு 14416.

இந்த நிலைப்பாடு எப்போது மாறும்

போதுமான பேரிடம், போலி ஊசியோடு ஒப்பிட்டு, குறைந்தது ஓராண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வுகள், அக்குபஞ்சர் சேர்ந்தவர்கள் திரும்பக் குடிப்பது குறைகிறது என்று காட்டினால் எங்கள் இரண்டாவது முடிவைத் திருத்துவோம். வலி குறித்த சான்று பொய்த்தால் முதல் முடிவையும் விலக்கிக்கொள்வோம். மூன்றாவதும் நான்காவதும் எந்த ஆய்வுக்காகவும் தளராது. உயிர் காக்கும் மருந்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறொன்றை வைத்துப் பார்க்கும் சோதனைக்கு எங்கள் நோயாளிகளை அனுப்பமாட்டோம்.