தொழில் தொடங்கக் கற்பிப்போர்

தொழில் தொடங்குவதை வகுப்பறையில் கற்றுத்தர முடியுமா? இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய இளைஞர்களுக்காக 1947-இல் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் மைல்ஸ் மேஸ் என்னும் பேராசிரியர் இதற்கென ஒரு பாடத்தைத் தொடங்கினார். 188 பேர் சேர்ந்தனர். 2003-இல் ஜெரோம் கேட்ஸ் வெளியிட்ட கணக்கின்படி, அமெரிக்காவில் மட்டும் 1,600-க்கும் மேற்பட்ட கல்விக்கூடங்களில் 2,200-க்கும் அதிகமான பாடங்கள் நடந்தன. இதற்கென நிறுவப்பட்ட பேராசிரியர் பதவிகளோ 277.

பெட்டிக்கடைகூட நடத்தாதவர் தொழில் கற்பிக்கலாமா என்று கேலி பேசுவோர் உண்டு. அந்தக் கேலியில் எனக்கு உடன்பாடில்லை. (திருமண ஆயத்த வகுப்பு நடத்தும் குருக்கள் நாங்கள் வேறு எப்படிச் சொல்ல முடியும்!) கற்பித்தது பயன் தந்ததா என்பதையே நாம் கேட்க வேண்டும்.

நெதர்லாந்தில் ஒரு கல்லூரியில் மாணவர்களே சிறு நிறுவனம் நடத்திப் பழகும் பயிற்சி தரப்பட்டது. அதை ஆராய்ந்து 2010-இல் வெளியான முடிவு வியப்பானது: தொழில் தொடங்கும் எண்ணம் கூடவில்லை, குறைந்தது! இதைத் தோல்வி என்று நான் கருதவில்லை. தனக்கு இது ஒத்துவராது என்பதைக் கடன் வாங்குவதற்கு முன்பே ஒரு பிள்ளை அறிந்துகொண்டால், அதுவும் கல்விதானே?

டோகோ நாட்டில் 1,500 சிறுதொழில் செய்வோரிடம் நடந்த ஆய்வு 2017-இல் வெளியானது. கணக்கு, சந்தை, நிதி என்று வழக்கமான பயிற்சி பெற்றவர்களின் இலாபம் குறிப்பிடும்படி உயரவில்லை. தாமே முன்வந்து செயல்படுதல், தடை வந்தாலும் தளராமை ஆகியவற்றில் பயிற்சி பெற்றவர்களுக்கோ இலாபம் 30 விழுக்காடு உயர்ந்தது. 1964-இலேயே ஆந்திராவின் காக்கிநாடாவில் டேவிட் மெக்லேலண்ட் வணிகர்களின் சாதனை உணர்வைத் தூண்டும் பயிற்சியைச் சோதித்துப் பார்த்தார் என்பதை இங்கே நினைவுகூரலாம். ஆனால் டோகோவில் இருந்தவர்கள் ஏற்கெனவே தொழிலில் இறங்கியவர்கள். அந்த 30 விழுக்காட்டை, படிப்பு முடித்து வேலையின்றி நிற்கும் இளைஞனிடம் காட்டி ஆசையூட்டுவது நேர்மையாகாது.

பேராசிரியருக்கு ஆய்வுக்கட்டுரைக்கேற்பப் பதவி உயர்வு. மாணவனின் கடை நொடித்தாலும் அவருடைய ஊதியம் குறையாது. அடகுக்குப் போவது மாணவனுடைய தாயின் நகை. ஆகவே எங்கள் மறைமாவட்டக் கல்லூரிகளில் இப்பாடம் நடத்துவோரிடம் ஒன்று கேட்கிறேன்: எப்போது கடையை மூடுவது, மூடிய பின் கடன்காரரை எப்படிச் சந்திப்பது என்பதற்கும் நான்கு வகுப்புகள் ஒதுக்குங்கள். அந்த வகுப்புகளுக்குப் பெற்றோரையும் அழையுங்கள்.