தொட்டிக் கணக்கும் வயல் கணக்கும்

உயிர்க்கரியையும் வேர் உட்பூசணத்தையும் சேர்த்து இட்டால் பயறு செழிக்கும் என்று முடிக்கும் கட்டுரைகள் நம் மேசையில் குவிகின்றன. எவ்வளவு கரி என்று கேட்டால்தான் பேச்சு தடுமாறுகிறது.

எல்லோரும் மேற்கோள் காட்டுவது, ரோண்டன், லேமன் குழுவினர் கொலம்பியாவின் அமில மண்ணில், தொட்டியில் பீன்ஸ் வளர்த்து 2007இல் வெளியிட்ட ஆய்வை. கரி இடாத செடி தன் தழைச்சத்தில் 50 சதவீதத்தைக் காற்றிலிருந்து பெற்றது. கிலோ மண்ணுக்கு 90 கிராம் கரி கலந்தபோது அது 72 சதவீதமானது. போரானும் மாலிப்டினமும் தாராளமாகக் கிடைத்ததே முதன்மைக் காரணம். மாலிப்டினம் இல்லாமல் வேர் முடிச்சின் நைட்ரஜனேஸ் நொதி இயங்காது. ஆனால் அதே 90 கிராமில் செடியின் மொத்த எடை, 60 கிராமில் இருந்ததைவிடக் குறைந்தது. இதைப் பலர் எழுதாமல் விடுகிறார்கள். சரி, 60 கிராம் என்றே வைப்போம். ஒரு ஹெக்டேரில் 15 செ.மீ. ஆழத்து மேல்மண் ஏறத்தாழ 20 லட்சம் கிலோ; கரி 120 டன் வேண்டும். உளுந்து விதைக்கிறவர் அதற்கு எங்கே போவார்?

அடுத்து, பூசணத்தின் பங்கு. மணிச்சத்து மண்ணில் எளிதில் நகராது. வேரை ஒட்டிய ஓரிரு மில்லிமீட்டரில் அது தீர்ந்ததும், அப்பாலிருந்து கொண்டுவருவது பூசண இழைதான். வேர் முடிச்சுக்கோ மணிச்சத்துப் பசி அதிகம். ஆனால் கரியே மணிச்சத்தைக் கொட்டிக் கொடுத்தால், செடி பூசணத்துக்குச் சர்க்கரை படியளப்பதைக் குறைத்துவிடும். சேர்த்து இட்டால் பலன் இரட்டிப்பு என்ற கணக்கு அங்கே உதைக்கிறது.

உயிர்க்கரி பெரும்பாலும் காரமானது. அமில மண்ணில் சுண்ணாம்பின் வேலையைச் செய்து அலுமினிய நஞ்சைத் தணிக்கும். கார அமில நிலை ஏற்கெனவே 8ஐத் தாண்டிய சுண்ணாம்புக் கரிசலில் சீமைக் கருவேலங்கரியிடம் அதே பலனை எதிர்பார்க்க நியாயமில்லை. துத்தநாகம், இரும்புப் பற்றாக்குறை கூடினாலும் வியப்பில்லை.

எந்த மரத்தின் கரி, எந்த வெப்பத்தில் சுட்டது, சாம்பல் எவ்வளவு என்று சொல்லாத கட்டுரைகளை இனி மதிப்பாய்வுக்கு அனுப்பமாட்டோம். கிருமி நீக்கிய தொட்டி மண்ணில் நாம் இடும் பூசணத்துக்குப் போட்டியே கிடையாது. வயலில் உள்ளூர்ப் பூசணங்கள் முன்பே வேரில் குடியிருக்கின்றன. ஆகவே கரி மட்டும், பூசணம் மட்டும், இரண்டும், எதுவும் இடாதது என நான்கையும் ஒரே வயலில் வைத்து, வேரில் பூசணம் பரவிய சதவீதத்தோடு அனுப்புங்கள். ஹெக்டேருக்கு 2 டன் இட்டுப் பலனே காணாத சோதனையானாலும் இடம் தருவோம்.