மனநல மருத்துவரின் மௌனம் எதுவரை?



மனநல மருத்துவரிடம் சிகிச்சைக்கு வரும் ஒருவர், "என் அண்ணனைத் தீர்த்துக்கட்டாமல் விடமாட்டேன்" என்று சொல்கிறார் என வைத்துக்கொள்வோம். மருத்துவர் அதை வெளியே சொல்லலாமா? சொல்லவே கூடாது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதைக் குருவானவர் உயிரே போனாலும் வெளியிடமாட்டார் என்று மறைக்கல்வி வகுப்பில் படித்தவர்கள் நாம். அதே முத்திரையை மருத்துவரின் வாய்க்கும் வைத்துவிடுகிறோம்.

ஒப்புரவு முத்திரைக்கு விதிவிலக்கே கிடையாது. மருத்துவரின் இரகசியத்துக்கு உண்டு. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, நோயாளியின் விவரங்களைக் காக்க வேண்டும் என்று முதலில் சொல்கிறது. பிறகு, வேறொருவரைத் தீங்கிலிருந்தோ வன்முறையிலிருந்தோ காப்பாற்ற அவசியமானால் வெளியிடலாம் என்கிறது. அதுவும் அந்த ஆபத்தைத் தடுக்கத் தேவையான அளவு மட்டுமே. அண்ணனை எச்சரிக்கலாம், தம்பியின் கதை முழுவதையும் ஊருக்குச் சொல்ல அனுமதி இல்லை.

அமெரிக்காவில் இது கடமையாகவே ஆனது. 1969இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் படித்த இந்திய மாணவர் ஒருவர், ஒரு பெண்ணைக் கொல்லப்போவதாகத் தம் உளவியலாளரிடம் சொன்னார். அவர் வளாகக் காவலர்களுக்குத் தெரிவித்தார். காவலர்கள் மாணவரைப் பிடித்து விசாரித்து, தெளிவாகத்தான் இருக்கிறார் என்று விட்டுவிட்டார்கள். தத்தியானா தாரசாஃப் என்ற அந்தப் பெண்ணிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. அக்டோபரில் அவர் கொல்லப்பட்டார். ஆபத்தில் இருப்பவரைக் காக்கும் பொறுப்பு சிகிச்சை அளிப்பவருக்கு உண்டு என்று 1976இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நம் சட்டம் 'சொல்லலாம்' என்பதோடு நிற்கிறது. அதுவே நல்லது என்பது நம் எண்ணம். கட்டாயமாக்கினால் நோயாளிகள் வாயே திறக்கமாட்டார்கள். சொல்லாத வெறிக்கு மருந்து கொடுக்க முடியாது. ஆனால் 'கட்டாயமில்லையே' என்று மருத்துவர் கையைக் கட்டிக்கொண்டால், மனச்சாட்சிக்கு அவர் என்ன பதில் சொல்வார்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மனநோயாளிகளில் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. பயந்துபோய் நாம்தான் அவர்களைக் கட்டிப்போடுகிறோம். கெரசேனர் பகுதியில் இயேசு சந்தித்த மனிதரையும் ஊரார் சங்கிலியால்தான் கட்டிவைத்திருந்தார்கள். 2001 ஆகஸ்டு 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியில் கிடந்தவர்கள் ஓடித் தப்பவும் முடியவில்லை; 28 பேர் மாண்டார்கள். இன்று எந்த வகையிலும் சங்கிலியிடுவதை அதே சட்டத்தின் 95ஆம் பிரிவு தடை செய்கிறது. அடித்துவிடுவாரோ என்ற அச்சம் உண்மையானால், நோயாளி சம்மதிக்காத நிலையிலும், அவருடைய நியமனப் பிரதிநிதி விண்ணப்பித்து 30 நாள்வரை மருத்துவமனையில் சேர்க்க 89ஆம் பிரிவில் வழி உண்டு.

பெரம்பலூர், அரியலூர் கிராமங்களில் மிரட்டலை முதலில் கேட்பது மருத்துவர் அல்ல, வீட்டார்தான். ஏலாக்குறிச்சி அடைக்கல மாதாவிடம் வேண்டிக்கொள்ளுங்கள். மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள். மாவட்ட அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள், அல்லது 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் பேசுங்கள். யார் பெயரைச் சொன்னார், அரிவாளை எடுத்தாரா, குடிக்கிறாரா என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள். குடும்ப மானம் கருதிப் பாதியை விழுங்கிவிட்டால், எச்சரிக்கப்பட வேண்டியவர் யார் என்றே மருத்துவருக்குத் தெரியாது.